நிலக்கரி சம்பந்தப்பட்ட தொழில்

1872 மார்ச் 4, திங்கள்

வேகவைத்த முட்டையைக் கனவான்கள் எப்படி உடைக்கிறார்கள் என்பதை இன்று ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். கரண்டியின் முதுகால் மெல்ல மூன்று தட்டு. பிறகு தொப்பியைக் கழற்றுவதுபோல மேல் ஓட்டை எடுக்க வேண்டும். வெக்ஸ்கோமில் எங்கள் வீட்டில் நெற்றியில் இடித்து உடைப்போம். அக்கா கெஸியா என் நெற்றியில் இடிப்பாள்.

இந்தப் பள்ளிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. டாக்டர் டிரப்ஷா கனவான்களின் பிள்ளைகளுக்காகக் கடலோரத்தில் நடத்தும் பள்ளி. முப்பத்தொரு மாணவர்கள், பன்னிரண்டு புகைபோக்கிகள். (ஏன் இதை எண்ணினேன்? எண்ணக் கூடாது. இனி எண்ண மாட்டேன்.) இருபத்தொரு வயதில் லத்தீன் வாத்தியார்! எங்கள் ஊர்ப் பாதிரியார் வீட்டில் அப்பா வேலை பார்க்கும்போது, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நல்ல மனிதர் பொழுதுபோகாமல் சொல்லிக் கொடுத்த லத்தீன் அது.

நேர்முகத்தில் டாக்டர் கேட்டார்: "உங்க தகப்பனார் என்ன செய்றார்?"

"நிலக்கரி சம்பந்தப்பட்ட தொழில், ஐயா."

"சுரங்கமா? பூமிக்கு அடியிலயா?"

"இல்லைங்க ஐயா. அவர் எப்பவும் உச்சியிலதான்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அப்பா கூரை உச்சியில்தான் இருப்பார். ஊருக்கே புகைபோக்கி துடைப்பவர் அவர்.

மார்ச் 9

இரவு உணவில் மிஸஸ் டிரப்ஷா என்னைத் தம் மகள் லெட்டிஸுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். போன மாதம் வரை மேசையின் கோடியில், கணக்கு வாத்தியாருக்கும் பல் வலிக்கும் நடுவில் இருந்தேன். (பல் அவருடையது. புலம்பல் எனக்கு.)

"உங்க குடும்பத்துக்கு எத்தனை சுரங்கம், மிஸ்டர் கிரேக்?" என்றார் அம்மையார்.

"குறுகலானவை நிறைய இருக்கு, மேடம்," என்றேன்.

லெட்டிஸ் சூப்பில் புரையேறி இருமினாள். அழகான இருமல். ஆனால் சிரிப்பை அடக்கியதுபோலவும் இருந்தது. ஏன்?

மார்ச் 13

கெஸியாவிடமிருந்து கடிதம். அவள் ஊரில் துணி வெளுப்பவள். எழுத்திலும் என்னை அடித்துத் துவைத்துத்தான் அனுப்புவாள்.

"டேய், நீ அங்க சொன்னதா எழுதின பொய்யை அப்பாகிட்ட சொல்லிட்டேன். மறைச்சு வெக்க நான் என்ன உன் பொண்டாட்டியா? விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் ரொம்ப நேரம் தூரிகையை எடுத்துத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு. அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்துச்சு."

மூன்று தடவை படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். அடுப்பு புகையை நன்றாக மேலே இழுக்கிறது. சே, மறுபடியும்!

மார்ச் 20

பெரிய கூடத்தின் புகைபோக்கிக்குள் ஒரு காகம் குச்சியோடு போனதைப் பார்த்தேன். வெறும் அலகோடு வெளியே வந்தது. இன்னொரு குச்சி. போயிற்று.

கூடு கட்டுகிறது. அந்தக் கூடத்தில் ஐந்து வருடமாக நெருப்பு மூட்டவில்லையாம். பழைய கரி விரல்கனத்துக்குப் படிந்திருக்கும். ஏப்ரல் 4 பரிசளிப்பு விழாவுக்கு அங்கேதான் பெரிய நெருப்பு மூட்டப் போகிறார்கள். லேடி அர்ஸ்விக் வருகிறார். அவருடைய இரண்டு பேரன்களையும் இங்கே சேர்த்தால் பள்ளி பிழைக்கும். எனக்குத் துணைத் தலைமை ஆசிரியர் பதவி. ஒருவேளை லெட்டிஸும்.

காகம் ஒன்று வாயில் என் எதிர்காலத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே போகிறது.

மார்ச் 22

சொல்லிப் பார்த்தேன்.

"ஐயா, விழாவுக்கு முன்னாடி கூடத்துப் புகைபோக்கியைத் துடைச்சிடலாமே."

"தம்பி, நீங்க நிலக்கரிக் குடும்பம். கரி எரியறதைப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். புகைபோக்கியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு என்னிடம் மிக நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரி, ஐயா" என்று வணங்கிவிட்டு வந்தேன். கோழை. கோழையேதான். முட்டை உடைக்கத் தெரிந்த கோழை.

ஏப்ரல் 3

நாளை விழா. காகம் இன்றும் ஓய்வெடுக்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கையில் கரி, காகிதத்தில் பட்டாலும் படட்டும்.

பதினொரு மணி. கூடத்தில் எண்பது பேர். முன் வரிசையில் லேடி அர்ஸ்விக், மூக்குக் கண்ணாடியைக் கைப்பிடியால் தூக்கிப் பிடித்து, எங்களை விற்பனைக்கு வந்த குதிரைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து, "பண்பு என்பது பிறப்பிலேயே வருவது..." என்று ஆரம்பித்தார். அடுப்பிலிருந்து முதல் புகை வந்தது.

"பண்பு என்பது..." இருமினார். "பிறப்பிலேயே..." இருமினார். மூன்றாவது தடவை பண்பு வரவேயில்லை. புகைதான் வந்தது. மாணவர்கள் கொண்டாட்டத்தில் கைதட்டினார்கள். அப்போது மேலே அந்தச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைத் தெரிந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். புகைபோக்கிக்குள் கரி தீப்பிடித்தால், குகைக்குள் காற்று புகுந்ததுபோல ஓர் உறுமல் வரும். அதற்கு மேல் கூரை. கூரைக்கு அடியில் பிள்ளைகள் தூங்கும் அறை. காய்ச்சலோடு மூன்று பேர் அங்கே படுத்திருந்தார்கள்.

கணக்கு வாத்தியார் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஊத்தாதே! யோவ், ஊத்தாதேய்யா! கல்லு வெடிச்சிரும்!"

கத்தியது நான்தான். ஐந்து மாதமாகப் பழகிய கனவான் குரல் எங்கே போயிற்றோ! வெக்ஸ்கோம் சந்துக் குரல், அப்பா கூரையிலிருந்து கீழே கத்துகிற குரல். மேல்கோட்டைக் கழற்றி எறிந்தேன். டாக்டர் நின்றுகொண்டிருந்த துருக்கிக் கம்பளத்தை அவர் காலடியிலிருந்து உருவினேன் (அவர் உட்கார்ந்துவிட்டார், தரையில்). அதன்மேல் குடத்தைக் கவிழ்த்து நனைத்தேன். "உப்பு! சமையலறையில இருக்கிற உப்பு அம்புட்டையும் கொண்டாங்க! ரெண்டு பேர் மேல ஓடி அந்தப் புள்ளைங்களைக் கீழ இறக்குங்க!"

லெட்டிஸ்தான் உப்பு ஜாடியோடு முதலில் ஓடி வந்தாள். தணல் அவிய அதில் உப்பைக் கொட்டி, ஈரக் கம்பளத்தால் அடுப்பு வாயை மூடி, காற்றுப் புகாமல் முதுகால் அழுத்திக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம். உறுமல் முனகலாகி, முனகல் நின்றது. பிறகு கம்பளத்தை விலக்கினேன். ஐந்து வருடக் கரியும், காகக் கூடும், ஒரு வண்டிக் குச்சியும் என் தலைமேல் இறங்கின.

காய்ச்சல்காரப் பிள்ளைகள் மூவரும் போர்வையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லேடி அர்ஸ்விக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி தூக்கினார்.

"இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டே?"

சுரங்கத்தில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் கரி.

"எங்கப்பாகிட்ட அம்மணி. ஆமோஸ் கிரேக். வெக்ஸ்கோம்ல புகைபோக்கி துடைக்கிறவரு."

மிஸஸ் டிரப்ஷா நாற்காலியைத் தேடினார். நாற்காலி அவருக்குப் பின்னாலேயே இருந்தது.

ஏப்ரல் 5

டாக்டர் கூப்பிட்டார். மிக மரியாதையாகப் பேசினார், அதிலேயே தெரிந்துவிட்டது.

"லேடி அர்ஸ்விக்குக்கு உங்க மேல ரொம்ப மதிப்பு. பேரன்களை இங்கேயே சேர்க்கறாங்க. ஒரே ஒரு நிபந்தனை. உங்ககிட்ட அவங்க லத்தீன் படிக்கக் கூடாதாம்."

"முப்பது பிள்ளைங்களுக்கு மேல உசிரைக் காப்பாத்தினேனே ஐயா."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க. 'தைரியசாலி. ஆனா வினைச்சொற்களை அவன் தொட்டா கறுத்துடும்'னு." அவர் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "புது ஆசிரியர் வர்ற வரைக்கும், ஒரு எட்டு நாள், இருங்க. அப்புறம்... கிரேக்... மீதிப் பதினொரு புகைபோக்கி இருக்கே. போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு கை பாத்துட்டா..."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் லத்தீன் வாத்தியார். இன்னும் எட்டு நாளைக்காவது.

ஏப்ரல் 10

அப்பா வந்தார்.

பின்வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரிகை மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார். டாக்டரும் நானும் முற்றத்தில் இருந்தோம். அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"கும்பிடுறேன், ஐயா," என்றார் என்னிடம். "எந்தப் புகைபோக்கிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

விஷயம் வெளியே வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, பெற்ற மகனை ஐயா என்று கூப்பிட்டார். ஐயோ, என்ன மனுசன்யா நான்!

"அப்பா... எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுப்பா. நானே சொல்லிட்டேன்."

"அப்படியா?" என்றார். தோளிலிருந்த மூட்டையை இறக்கினார். "அப்ப இதைப் பிடிடா, மடையா. ரயிலடியிலேர்ந்து தூக்கிட்டு வர்றேன், முதுகு போச்சு."

சாயங்காலம் சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்டேன். அப்பா நெளிந்தார்.

"அதுல ஒரு விஷயம்டா. நம்ம ஊர்ல நீ என்ன வேலை பாக்குறேன்னு கேட்டாங்களா... நான்... நீதான் இங்க தலைமை வாத்தியார்னு சொல்லிப்புட்டேன்."

"அப்பா!"

"முதல்ல துணை வாத்தியார்னுதான் சொன்னேன். கசாப்புக்கடைக்காரன் முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் அது தானா வளந்துருச்சு. இப்ப உனக்குக் குதிரை வண்டிகூட இருக்கு."

"குதிரை எத்தனை?"

"ரெண்டு. பழுப்பு."

சிரித்ததில் அப்பாவுக்குப் புரையேறியது. முதுகில் தட்டினேன். கரி பறந்தது.

ஏப்ரல் 13

நாளைக் காலை வண்டி. இன்று கடற்கரைச் சுவரோரம் லெட்டிஸ் வந்தாள். விடைபெற ஒரு பெரிய வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றாள்.

"எது?"

"எந்த அறைக்குள்ள வந்தாலும் நீங்க முதல்ல அடுப்பைப் பாப்பீங்க. அப்புறம் மேல பாப்பீங்க. அதுக்கப்புறம்தான் எங்கம்மா முகம். சுரங்க முதலாளி மகன் எவனும் எங்கம்மாவை மூணாவதா பாக்க மாட்டான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களை மறுபடி அந்தப் பல்வலிக்காரர் பக்கத்துல போட்டுடுவாங்களே." இதைச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது.

பிறகு பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தாள். பிரிஸ்டலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று புதிதாகத் திறந்திருக்கும் பொதுப்பள்ளிக்கு ஆசிரியர்கள் வேண்டுமாம். அவள் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாள், வீட்டில் சொல்லாமலேயே. "இந்த வீட்டுல என் வேலை என்ன தெரியுமா? எவனாவது பணக்காரன் பக்கத்துல உக்காந்து சூப் குடிக்கறது. எனக்கு வேற வேலை வேணும்."

எனக்குப் பிடிக்கவில்லை. மறைப்பானேன்? துறைமுகக் கூலிகளின் பிள்ளைகள். ஒரு வகுப்பில் அறுபது பேர். மூக்கு ஒழுகும், பேன் இருக்கும். அந்தச் சந்திலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு லத்தீன் படித்தேன்?

"அங்க போனா நான் ஏறினதெல்லாம் வீண்தானே, மிஸ் டிரப்ஷா?"

"உங்கப்பா தினமும்தான் ஏறுறார். இறங்கி வந்து மனுஷங்களோடதானே சாப்பிடறார்?" என்றாள்.

பதில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் யோசிக்கிறேன்.

ஜூலை 19

வேலை கிடைத்துவிட்டது, இருவருக்கும். லெட்டிஸைக் கேட்டேன், சம்மதித்தாள்; கிறிஸ்துமஸ் முடிந்து கல்யாணம். டாக்டர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் வாழ்த்தினார். மிஸஸ் டிரப்ஷா தம் தோழிகளிடம், "மாப்பிள்ளை வீட்ல நிலக்கரி சம்பந்தப்பட்ட தொழில்" என்று சொல்லி வருகிறாராம். அப்பாவிடம் சொன்னேன். "நல்ல பொம்பளை. மரியாதையா சொல்லியிருக்காங்க," என்றார்.

செப்டம்பர் 17

என் வகுப்பில் அறுபத்து நான்கு பேர். தொண்டை போய்விட்டது. பேன் வந்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

அரசு ஆய்வாளர் வந்தார். மெலிந்த, பளபளப்பான மனிதர். கையுறையைக் கழற்றாமலே கரும்பலகையைத் தொட்டுப் பார்த்தார். என் வகுப்பில் நாற்பத்தொன்பது பேர் தடுமாறாமல் வாசித்தார்கள். செப்டம்பரில் ஏழு பேருக்குத்தான் எழுத்தே தெரியும். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முன் பெஞ்சில் இருந்த டாபித்தாவிடம் குனிந்தார். ஒன்பது வயது, மூட்டை தூக்குபவரின் மகள், நான் சொல்லும் எதையும் கேள்வி கேட்காமல் நம்பாதவள்.

"நல்லா படிக்கிறியே. உங்க வாத்தியார் ஒரு நல்ல கனவான், இல்லையா?"

டாபித்தா திரும்பி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒட்டுப்போட்ட முழங்கை, சுண்ணாம்புக் கட்டித் தூள், கரகரத்த தொண்டை. அவள் முகத்தில் கோபமே வந்துவிட்டது.

"கனவானா? சும்மா இருங்க ஐயா. அவரு வேலை பாக்குறவரு!"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் லெட்டிஸின் வகுப்பு. வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவள் குரல் ஆறாம் வாய்ப்பாட்டின் நடுவில் நின்றுபோயிற்று. பிறகு ஓர் இருமல் கேட்டது, அன்று சூப்பில் புரையேறிய அதே இருமல்.