பெயர் நீக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பா போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அன்று போனில் செய்தியை மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டேன். அப்பா செய்து வைத்த ஏழு ஜோடிக் கண்ணாடிகளை யாரும் வாங்க வரவில்லை.

மூச்சு வாங்கத் தொடங்கியதிலிருந்து அவருக்கு உன் பேச்சுதான். நீ பாடம் எடுத்த ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி, "இயேசு ஜெபம் பண்ணப்போ தன்கிட்டயே பேசிக்கிட்டாரா?" என்று கேட்டதையும், நீ "எனக்கும் தெரியலம்மா. கடவுளை நல்லாத் தெரிஞ்ச மனுஷன்னுதான் தோணுது" என்றதையும், சபைக் கூட்டத்தில் தானே எழுந்து, "என் மகன்னு பாக்காதீங்க, பேரை சபைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க" என்றதையும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். "அவன் மனசு மாறிட்டான்னு ஒரு வார்த்தை வந்தா நிம்மதியாப் போவேன்" என்பார்.

நான் ஒரு காரியம் செய்தேன். மன்னித்துவிடு. இயேசுவே தேவன் என்று மறுபடியும் நம்புவதாக உன் பெயரில் ஒரு கடிதம் எழுதி, தபாலில் வந்தது என்று வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "இதை நீ எழுதியிருக்கம்மா. அவனுக்குப் பொய் வராது" என்றார். பிறகு, "பொய் வந்திருந்தா இங்கயே இருந்திருப்பான்" என்றார்.

மறுநாள் போதகரை வரவழைத்து, உன் பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். போதகர் கெட்டவர் இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனாலும், "விசுவாச அறிக்கைல அவர் கையெழுத்துப் போடாம என்னால முடியாதுங்கய்யா" என்றுவிட்டார். அதற்குப் பிறகு அப்பா யாரோடும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், நான்காம் நாள் அப்படியே போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் அவரைப் பற்றி எழுதிய தாளை வாசித்தார்கள். "ஒரே மகளை விட்டுச் சென்றிருக்கிறார்" என்று முடித்தார்கள். எழுதியவர் சபைப் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார். எழுந்து, எனக்குத் தம்பி இருக்கிறான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? முன் வரிசையில்தான் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று ஞாயிறாகக் கோயிலுக்குப் போகவில்லை. கேட்பவர்களிடம் உடம்பு சரியில்லை என்கிறேன். வீட்டில் முழங்கால் போட்டாலும் வாய் திறக்க மறுக்கிறது.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ இன்னும் ஜெபிக்கிறாய் என்றால் எனக்காகவும் ஒரு வார்த்தை சொல். யாரிடம் என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா