கிரைண்டருக்குப் பக்கத்தில் நான்கு முட்டைகள்

மார்ச் 10, செவ்வாய்

படகுப் பட்டறையில் ஓர் இரும்புப் படகின் அடியில் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரைக் கீழே வைக்கக் குனிந்தால், ஐந்தடி தள்ளி ஜல்லியில் நான்கு முட்டைகள். ஜல்லியின் நிறமேதான். மிதித்திருப்பேன்! ஆள்காட்டிக் குருவி பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்தது. மனுஷ வாடை பட்டாலே கத்தி ஊரைக் கூட்டுகிற பறவை, வாயே திறக்கவில்லை. இந்த இரைச்சலில், தீப்பொறி பறக்கிற இடத்தில் — இதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

மார்ச் 11

மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்று எல்லோரையும் பட்டறையின் மறுகோடிப் படகுக்கு மாற்றினேன். முட்டைகளைச் சுற்றிக் கயிறு கட்டினேன்.

"பிரசவ வார்டே ஆக்கிட்டியேம்மா," என்றார்.

மனசு நிறைந்திருக்கிறது.

மார்ச் 12

மூன்றுதான் இருக்கிறது.

மத்தியானம் அலறல் கேட்டு ஓடினேன். இரண்டு காகங்கள். ஒன்று தாயை வம்புக்கு இழுக்க, இன்னொன்று பின்னாலிருந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. ஐயோ, என் கண் முன்னாலேயே.

வெல்டர் சொன்னான்: "நாம அங்க வேல செஞ்சப்ப ஒரு காக்கா கிட்ட வந்துச்சாக்கா? நம்ம சத்தத்துக்கு எல்லாம் வேலிக்கு அந்தாண்டதான நிக்கும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடம் கிடைக்காமல் வரவில்லை அது. பார்த்து, யோசித்து, எங்களிடம் வந்திருக்கிறது. நான் என்ன செய்து வைத்தேன்?

மார்ச் 13

கயிற்றை அவிழ்த்தேன். மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போன்னே, போனோம். வான்ற, வர்றோம். இனிமே நேரா குருவிகிட்டயே கேட்டுக்கறேன்," என்றார்.

பழைய இடத்தில் கிரைண்டரைப் போட்டேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த குருவி இறங்கி வந்து, முட்டைமேல் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டது.

மார்ச் 15, ஞாயிறு

விடுமுறை. ஆள் இல்லாவிட்டால் காகம் வருமே என்று கிளம்பிப் போனேன். மேஸ்திரி ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கையில் ஸ்பேனர்.

"வீட்ல ஒரே சத்தம், அதான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த காலி டிரம்மை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

மார்ச் 30

படகு வேலை முடிந்து மூன்று நாள் ஆகிறது. படகை எடுக்க வரும் முதலாளியிடம் பெயின்ட் இன்னும் காயவில்லை என்கிறார் மேஸ்திரி.

ஏப்ரல் 6, திங்கள்

பொரிந்துவிட்டன! மூன்றும். ஈரம் காய்ந்ததுமே ஓடுகின்றன, குச்சிக் கால்களை வைத்துக்கொண்டு.

பத்து மணி இருக்கும். தரையில் பருந்தின் நிழல் ஓடியது. தாய் ஒரே ஒரு குரல் கொடுத்தது. இரண்டு குஞ்சுகள் ஜல்லியோடு ஜல்லியாகப் படுத்துவிட்டன. மூன்றாவது ஓடி வந்தது — என்னிடம். என் இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டது.

மூச்சை அடக்கி நின்றேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். பூனை மாதிரி நடந்து வந்து, என் கால்களோடு தன் கால்களையும் சேர்த்து வைத்து நின்றார்.

பருந்து போன பிறகும் நாங்கள் அசையவில்லை. தாய் வந்தது. எங்களை ஏறிட்டும் பார்க்காமல், கால்களுக்கு நடுவில் புகுந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது.