எட்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு போஹா

இந்தூர்
24 ஜூலை 2024

அன்புத் தங்கை பூல்வந்திக்கு,

நீ போனை அணைத்துப் போட்டுவிட்டாய். நானும் எத்தனை நாள்தான் அந்தப் பதிவுக் குரலோடு மல்லுக்கட்டுவது? தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய் உறை வாங்கினேன். சிரிக்காதே.

தேவாஸில் உன் அண்ணன் வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் போஹா வண்டி நின்ற இடத்தில் யாரும் புகுந்துவிடாமல் என் வளையல் கூடைகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். காலையில் போஹா தேடி வருகிறவர்கள் என்னைத்தான் முறைக்கிறார்கள். அவலை வேக வைக்கக்கூட எனக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரியுமா என்ன?

அன்றைக்கு, பணம் வந்ததைச் சொல்லும் என் சவுண்ட் பாக்ஸில் சார்ஜ் இல்லை. கல்யாணத்துக்கு அரக்கு வளையல் எடுத்தவனை போனில் உன் க்யூஆர் ஸ்டிக்கரில் பணம் போடச் சொன்னேன். நீ உன் டப்பாவிலிருந்து நோட்டாக எடுத்துக் கொடுத்தாய். நம் தெருவில் யார்தான் இப்படிச் செய்யவில்லை? அது யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் என்று நாம் என்ன ஜோசியமா பார்த்தோம்? ஆனால் உன் கணக்கைப் பூட்டிவிட்டு பேங்க் மேனேஜர், "எட்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு யாரும்மா போஹா சாப்பிட்டது?" என்று கேட்டபோது, "கல்யாண வீட்டு ஆர்டர் சார்" என்றாயே. என்னை இழுத்துவிடக் கூடாது என்றுதானே? பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை.

உன் பெண் சோனலுக்குப் பச்சை வளையல் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன்
ரூப்கலா அக்கா


தேவாஸ்
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வளையல் கிடைத்தது. ஒன்றுகூட உடையவில்லை. போன் அடித்தாலே பேங்கோ போலீஸோ என்று தோன்றுகிறது, அதனால்தான் அணைத்துவிட்டேன்.

கணக்கைப் பூட்டச் சொன்ன வெளியூர் போலீஸ்காரர் ஒருவர் அண்ணன் போனில் நல்லவிதமாகவே பேசினார். "கல்யாண வீடு எதுன்னு சொல்லுங்கம்மா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திறந்துவிட்டுடறோம்" என்றார். இல்லாத கல்யாண வீட்டுக்கு நான் எங்கே போவேன்? சொன்ன பொய் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

சோனலுக்கு நர்சிங் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. ஆகஸ்ட் இருபதுக்குள் கட்ட வேண்டும். அண்ணனிடம் கேட்டால் அண்ணி சட்டியைப் போட்டு உடைக்கிறாள்.

அக்கா, அந்த வியாபாரம் உங்களுடையது என்று பில்லோடு பேங்கில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதுமாம். உங்கள் கணக்கையும் சில நாள் பூட்டக்கூடும். அது தெரிந்துதான் கேட்கிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பூல்வந்தி


இந்தூர்
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிச்சயம் எழுதிக் கொடுப்பேன், உன் அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. சாவன் மாதம் அல்லவா, கடையில் மூச்சுவிட நேரமில்லை. பெண்கள் பச்சைக் கண்ணாடி வளையலுக்கு முட்டி மோதுகிறார்கள். யார் கையிலும் நோட்டு இல்லை, அரக்கு வளையல் வாங்குகிறவள் முதல் பின் ஊசி வாங்குகிறவள் வரை போனைத்தான் நீட்டுகிறாள். வருஷம் முழுக்கச் சாப்பிடுவது இந்த ஒரு மாத வியாபாரத்தில்தான். இப்போது கணக்கைப் பூட்டினால் சரக்குக் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது? உன் அத்தானும், "சீசன் முடியட்டும்டி, அவ எங்க ஓடிடப் போறா?" என்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ராக்கிப் பண்டிகை கழிந்ததும் முதல் வேலை அதுதான். நீ உடம்பைக் கவனி. மழைக்காலம், சாப்பிடாமல் கிடக்காதே.

உன்
ரூப்கலா அக்கா


இந்தூர்
23 ஆகஸ்ட் 2024

பூல்வந்தி,

பேங்குக்குப் போய்விட்டு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பில்லைக் காட்டினேன். அந்த மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னம்மா?" என்றார். நான் கேவலமாக நடந்துகொண்டேன், அதற்குச் சால்ஜாப்பு இல்லை.

உன் கணக்கு இரண்டொரு நாளில் திறந்துவிடுமாம். என்னுடையதைப் பூட்டிவிட்டார்கள். உன் அத்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை, எனக்கு வேண்டியதுதான். இனி உனக்கு ஒரு கவலையும் இல்லை. சோனலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு இங்கே வந்து வண்டியைப் போடு. இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இரண்டு வரி எழுது. மன்னித்தேன் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ரூப்கலா


தேவாஸ்
2 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். கணக்கு திறந்துவிட்டது. நீங்கள் போய்ச் சொன்னதற்கு நன்றி. உங்கள் கணக்கும் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அதை மனதாரத்தான் சொல்கிறேன்.

பணத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனோம். சோனலின் இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டு எதிரே வண்டி போட்டிருக்கிறேன். அங்கே உள்ள இடத்தை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். சோனலுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடை கடையாகப் போய் ஸ்டிக்கர் ஒட்டி, சவுண்ட் பாக்ஸ் வைத்துவிட்டு வர வேண்டும். தினம் பத்துக் கடைக்காரர்களாவது வாங்குகிறார்களாம்.

நேற்று உங்கள் கடிதங்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொண்ணுலயும் உன்னைச் சாப்பிட்டியான்னு கேக்குறாங்களேம்மா பெரியம்மா. இருபதாம் தேதின்னு நீ எழுதுனதைப் படிக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

படித்திருப்பார்கள் என்று சொன்னேன்.

பூல்வந்தி