சட்டைப்பை இருந்த பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனதளவில் எப்படி என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே தெரிந்துகொள்வாய். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிக்கு மட்டும் இன்னும் ஒவ்வொரு படியோடும் பேரம் பேசித்தான் ஏறுகிறாள். சமையலறைக் குழாய் பழையபடி ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது. உன் மாமா வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார், அவரைப் பற்றிக் கீழே எழுத வேண்டியிருக்கிறது. காலையில் வெறும் காபியோடு ஆய்வகத்துக்கு ஓடாதே.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "ஒரு பொம்மை ரயிலுக்கா இவ்வளவு சண்டை, விட்டுடுங்கப்பா, தலைவர் அங்கிள் பாவம்" என்று எழுதியிருந்தாய். தொலைபேசியில் பதில் சொல்லியிருக்கலாம். நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நான் குரலை உயர்த்திவிடுவேன், விஷயம் அதோடு முடிந்துவிடும். முடியக் கூடாது என்பதால் எழுதுகிறேன். சங்கத் தலைவர் உன்னை அழைத்து என்ன சொல்லியிருப்பார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்பதையும்தான். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக, பழைய நீராவி என்ஜினில் டிரைவர் நிற்கும் அறையை எட்டில் ஒரு பங்கு அளவில் நம் ரயில் ஆர்வலர் சங்கம் செய்தது உனக்குத் தெரியும். அந்த வகை என்ஜின்கள் அனைத்தும் உடைக்கப்பட்டுவிட்டன, வரைபடங்களும் இல்லை. மிஞ்சியிருப்பது கல்லூரி நாட்களில் நான் ரயில்வே யார்டில் எடுத்த ஒரே ஒரு படம். அதன் நெகட்டிவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது நீதான் ஸ்கேன் செய்தாய், உன் அறைச் சுவருக்குப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று நெகட்டிவையும் கையோடு கொண்டுபோனாய். படத்தைப் பார்த்து "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்திட்டவன் நான். அதை நம்பிப் பல் மருத்துவரான நம் தலைவரும் மற்ற நால்வரும் பதினான்கு மாதம் உழைத்தார்கள். பல்லை ராவும் கருவியால் அவர் ஒவ்வொரு ஆணித் தலையையும் உருட்டி எடுத்ததை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன், அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.

போன மாதம், அந்த என்ஜினை முப்பத்தோர் ஆண்டு ஓட்டிய டிரைவரைச் சங்க அறைக்கு அழைத்து வந்தோம். வயது எண்பத்து நான்கு, பார்வை அநேகமாகப் போய்விட்டது, யார்டில் எல்லோரும் பாய்லர் என்று கூப்பிட்ட மனிதர். மருமகள் கையைப் பிடித்து நடத்தி வந்தாள், ஆனால் அவர் வாய்க்கு யார் துணையும் தேவைப்படவில்லை. "பல்லெல்லாம் கொட்டினப்புறம் பல் டாக்டர் கூப்பிட்டு அனுப்புறாரே, இது என்னங்க நியாயம்" என்று தலைவரைக் கேட்டுக்கொண்டேதான் நுழைந்தார். மாதிரிக்குள் விரல்களை விட்டு, நெருப்புக் கதவு, நீராவிக் கைப்பிடி, தண்ணீர்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தொட்டார். பிறகு வலது சுவரோரம் லீவரைத் தேடினார். வண்டி முன்னே போவதா பின்னே போவதா என்பதைத் தீர்மானிக்கும் நீண்ட இரும்பு அது. அங்கே கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனின் இருக்கைதான் இருந்தது. மறுபடியும் தேடினார். "இங்கதான சார் இருக்கணும், என் வலது கைக்குத்தான வரும்" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே "இடது பக்கம் பாருங்கய்யா, போட்டோவைப் பார்த்து செஞ்சது, போட்டோ பொய் சொல்லுமா" என்றார். பெரியவர் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் மண்டை கொழம்பிடுச்சு" என்றார். அதன்பின் அன்று அவர் எதற்கும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் உன் மாமா நிற்கிறார் அல்லவா, அவருடைய சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது, பேனாவோடு. எந்த ஆண்பிள்ளைச் சட்டைக்கு வலது பக்கம் பை? படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது; நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறாய். என்ஜினின் அழுத்தமானிகளில் வெயில் விழுந்து எண்கள் மறைந்திருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாமாவை வரவழைத்துக் கேட்டேன், "நான் பொறந்ததுலேர்ந்து அப்படி ஒரு சட்டை போட்டதில்ல மாப்ள" என்றார். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தலைவர், தையல்காரன் மாற்றி வைத்திருப்பான் என்றார். மற்றொருவர், "வயசானவரு, ரெண்டு நாள்ல மறந்துடுவாரு சார்" என்றார். மாதிரியை அப்படியே வைப்பது என்று ஐந்துக்கு ஒன்றாக முடிவாயிற்று. திறப்பு விழாவில் நான் வாயைத் திறப்பதாக இருந்தால் வர வேண்டாம் என்றும் மரியாதையாகத் தெரிவித்தார்கள்.

நீ தவறுதலாக வைத்தது ஒரு நிமிடப் பிழை, அதற்காக உன்மீது எனக்குக் கோபமே இல்லை. முப்பது ஆண்டுகளாகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுகிறவன் நான், கண்ணெதிரே இருந்த சட்டைப்பையைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அன்றைக்குப் பெரியவர் மண்டை குழம்பிவிட்டது என்று சொன்னபோது, "பரவாயில்லைங்க, இந்த வயசுல சகஜம்தான்" என்று தோளைத் தட்டியதும் நான்தான். கூட்டம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க, நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் எனக்கு முன்பே போய், நான் ஆறுதலுக்காக இப்படிச் சொல்வேன் என்று பேசிவிட்டு வந்திருக்கிறார். மறதிக்கு மருத்துவரிடம் நாள் வாங்கியிருப்பதாக மருமகள் சொன்னாள். இப்போதெல்லாம் குளியலறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறாராம். பதினேழு ஆண்டுகளாக அவர் புழங்கும் வீடு அது. இதைத்தான் நீ பொம்மை ரயில் என்றாய்.

நெகட்டிவின் விளிம்பில் அச்சாகியிருக்கும் எண்கள் எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அதுவே சரியான பக்கம். அதற்கு மேல் எந்தத் தையல்காரனும் சாட்சி சொல்ல வர மாட்டான். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பு, செல்பேசியில் படமெடுத்து அனுப்பாதே. கூடவே, நீதான் புரட்டி வைத்தாய் என்று தலைவருக்கு உன் கையால் இரண்டு வரி எழுது, வருத்தம் எல்லாம் தெரிவிக்க வேண்டாம். திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. லீவரைப் பெயர்த்து மறுபக்கம் பொருத்த அவர்களுக்கு மூன்று வாரம் போதும், மனமில்லை என்றால் திருப்புளியை நான் எடுப்பேன். பெரியவர் மறுபடி கை நீட்டும்போது அது அங்கே இருக்க வேண்டும்.

கடிதம் கடுமையாக இருக்கிறது என்கிறாள் அம்மா. திரும்பப் படித்தேன், எதையும் அடிக்கவில்லை. கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? உன் உடம்பும் வேலையும் குறையில்லாமல் இருக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் எங்கள் ஆசி உன்னோடு இருக்கும். நெகட்டிவ் வந்து சேர்ந்ததும் முதலில் அந்த மருமகளிடம் காட்டி, எண்களைப் பெரியவர் காதுபட உரக்கப் படிக்கச் சொல்வேன்.

உன்
அப்பா