வாத்து இல்லாத பயணம்

மே 7

வந்து சேர்ந்தாயிற்று. அவருக்கு லிப்ட் கம்பெனியில் பத்து நாள் பயிற்சி. கம்பெனியே அறை கொடுத்திருக்கிறது: மூன்றாவது மாடி, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். "சும்மா கிடைக்கிற ரூமு. நீங்க ரெண்டு பேரும் வாங்க, ஊர் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். இந்தக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். இரண்டாவது மாடியில் நின்று, மூடிக் கிடந்த லிப்ட் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வாத்து இல்லை.

நாற்பத்தொரு பொருளுக்குப் பட்டியல் போட்டேன். நாற்பத்தொன்றும் வந்திருக்கிறது, நகவெட்டி உட்பட. பட்டியலில் வாத்தை எழுதவே இல்லை. அதை யாராவது மறப்பார்களா என்று நினைத்திருக்கிறேன். காலை ஆறு பத்துக்கு மகள் குண்டூசி அதில் உட்கார்ந்து ஆய் போனாள். கழுவி, பால்கனியில் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். பிறகு கதவைப் பூட்டினோம்.

அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. ஒல்லி, சுருக்கென்று குத்துவாள், அதனால் குண்டூசி. மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தின் முதுகில் உட்கார்ந்தால்தான் அவளுக்குப் போகும். வேறு எங்கும் போகாது. பெரிய கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டால் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தன்னையும் உள்ளே இழுத்துவிடும் என்று எண்ணம்.

இங்கே இழுத்துப் பார்த்தேன். சுவர் அதிர்கிறது.

மே 8

முதல் நாள். இல்லை.

மே 9

இரண்டாம் நாள். இல்லை.

கடைத்தெருவில் வாத்து கிடைக்கவில்லை. சிவப்பில் ஒரு தவளை வாங்கினேன். குண்டூசி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இது யாருது?" என்றாள். உன்னுடையது என்றேன். "இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்போது அதற்குள் அவருடைய சாக்ஸ் இருக்கிறது.

அத்தை போன் செய்தார். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது, செடிக்குத் தண்ணீர் விடப் போயிருக்கிறார்.

"உங்க வாத்து இங்க நல்லா வெயில் காயுது. கூரியர்ல போட்டுடவா?"

"எத்தனை நாள் ஆகும் அத்தை?"

"ஆறு நாளாம். நான் ரெண்டு புள்ள பெத்தேன். ஒரு வாத்து, கோழி வாங்கலடியம்மா. போகும்போது போகும், விடு."

விடு என்கிறார். எதை விடுவது?

மே 10

மூன்றாம் நாள். நாலு தடவை உட்காரவைத்தேன். பக்கத்திலேயே குந்திக்கொண்டு, வருதா, வருதா என்று கேட்டேன். கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க, உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறாள். அப்படியொரு பிடிவாதம். யாரைக் கொண்டிருக்கிறாள் என்று அவர் கேட்டார்.

ஊரில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் பேசினேன். ஒரு சிரப் சொன்னார். "வாந்தி எடுத்தா, வயிறு கல்லா ஆனா, உடனே ஆஸ்பத்திரி. இல்லைன்னா அஞ்சாம் நாள் வரைக்கும் பாருங்க. அதுக்கும் போகலைன்னா அங்கேயே யார்கிட்டயாவது காட்டுங்க, எனிமா குடுக்க வேண்டி வரும். பயப்படாதீங்கம்மா." பயப்படாதீங்கம்மா என்று சொல்வதற்குத் தனியாகப் பாடம் எடுப்பார்கள் போலிருக்கிறது.

எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பிள்ளை தானாகக் கழிப்பறை செல்லுமா? நான் 'ஆம்' என்பதில் டிக் போட்டேன். அழுத்தமாகவே போட்டேன். சேர்க்கும்போது தலைமையாசிரியை நேரிலும் சொன்னார்: "எங்ககிட்ட ஆயா கிடையாது. பிள்ளைங்க தானா போயிட்டு வரணும். இல்லைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்." ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அதே நாள் நானும் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

நான் இயற்பியல் பட்டதாரி. ராக்கெட் எப்படிக் கிளம்புகிறது என்று எனக்குத் தெரியும்.

மே 11, ஞாயிறு

நான்காம் நாள். அவருக்கு விடுமுறை என்பதால் விமான, விண்வெளி அருங்காட்சியகம் போனோம். நான் வரவில்லை என்றேன். "ரூம்ல உக்காந்து அவ வயித்தையே பாத்துட்டு இருக்கப் போறியா?" என்றார். ஆமாம், அதுதான் என் திட்டம்.

உள்ளே நுழைந்ததும் வரைபடத்தை விரித்துக் கழிப்பறைகள் எங்கே என்று பார்த்தேன். மொத்தம் ஐந்து. அவர் விமானங்களைப் பார்த்தார். கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் பழைய இரட்டைச் சிறகு விமானத்தின் கீழே நின்று, கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று என்னிடம் விளக்கினார். பாதியாக வெட்டிவைத்த இன்ஜின் முன்னால் இருபது நிமிடம். குண்டூசிக்கு எதிலும் சுரத்து இல்லை. பெரிய ராக்கெட் ஒன்றைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். "ஏன் படுத்திருக்கு? வயிறு வலியா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

விண்வெளிக் கூடத்தில் கூட்டம் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விண்வெளிக் கழிப்பறையின் மாதிரி. பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க, ஜலதோஷத்தோடு ஒரு வழிகாட்டி. "எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. ராக்கெட்டைப் பத்தி ஒருத்தர் கேக்கறதில்ல" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

குண்டூசி என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள். வெளியாளிடம் வாயே திறக்காதவள்.

"இது உள்ள இழுத்துடுமா?"

"ஆளை இழுக்காது. ஆயை மட்டும் இழுக்கும். இல்லைன்னா அது மிதக்கும்ல?"

அவள் அதை யோசித்தாள். "சத்தம் வருமா?"

"வரும். உள்ள ஒரு ஃபேன் ஓடுது. சத்தம் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வரலைன்னாதான் பயப்படணும்."

"விழுந்துட்டா?"

"விழ மாட்டாங்க, பறந்துடுவாங்க. அதான் காலுக்குப் பிடிமானம் வச்சிருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி கீழயே உக்காந்து உக்காந்து பழகிட்டுத்தான் போவாங்க."

"அவங்க அம்மா?"

வழிகாட்டி தும்மினார். "அம்மாவெல்லாம் வர முடியாது பாப்பா. ஒருத்தர் உள்ள போனா மூடிக்குவாங்க. மத்தவங்க எட்டிப் பாக்க மாட்டாங்க."

இதுவரை பரவாயில்லை. பக்கத்துக் கண்ணாடியில் நின்ற வெள்ளை உடுப்பைக் காட்டி ஒரு பெரியவர், இதைப் போட்டுக்கொண்டால் எப்படிப் போவார்கள் என்று கேட்டுத் தொலைத்தார்.

"டயப்பர்தான் சார். மேல ஏறும்போது, கீழ இறங்கும்போது, வெளிய போய் வேலை செய்யும்போது. எல்லா வீரருக்கும் டயப்பர்."

குண்டூசி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பெரிய பிள்ளைகள் யாரும் டயப்பர் போட மாட்டார்கள், உலகத்திலேயே யாரும் போட மாட்டார்கள் என்று மூன்று மாதம் தினமும் சொல்லி அந்தப் பழக்கத்தை விடவைத்தவள் நான்.

மே 12, மதியம்

ஐந்தாம் நாள். இல்லை. சிரப் மூன்று வேளையும் போகிறது. சாப்பிட மாட்டேன் என்கிறாள். வயிறு உப்பியிருக்கிறது. கல்லா இது? கல் என்றால் எவ்வளவு கல்? தொட்டுத் தொட்டுப் பார்த்து எனக்கே மரத்துப்போயிற்று.

காலையிலிருந்து ஒரே பாட்டு. டயப்பர் வேணும். வீரருங்க போடறாங்க. நீ பொய் சொன்ன.

ஆமாடி, சொன்னேன். உனக்கும் சொன்னேன், ஸ்கூலுக்கும் சொன்னேன். என்ன பண்ணச் சொல்ற என்னை? அந்த மூக்கொழுகி மனுஷனுக்கு ஒரு வார்த்தை கம்மியா பேசத் தெரியாதா? இவரு என்னடான்னா போன்ல சிரிக்கிறாரு. "போட்டு விட்டுடேன், எதுலயாவது வந்தா சரி"ங்கறாரு. எதுலயாவதா! ஜூன்ல டயப்பரோட அனுப்பட்டுமா? டிக் போட்டது நான்தானே, அவருக்கென்ன.

தெரு முனையில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துவிட்டேன். எட்டு.

வரும் வழியில் டயப்பர் ஒரு கட்டு வாங்கினேன். தோற்றாயிற்று.

மே 12, இரவு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு டயப்பர் கட்டிவிட்டேன். கட்டிலில் மல்லாந்து படுத்தாள். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னாள். எண்ணினேன். அவள் "டுர்ர்ர்" என்றாள். வெகு நேரம் என்றாள். அவர் வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மேல வந்தாச்சு. கழட்டு" என்றாள்.

"எதை?"

"டயப்பரை. அது ஏறும்போது மட்டும்தான். மேல வந்துட்டா டாய்லெட்டுக்குத்தான் போகணும். அந்த மாமா சொன்னாருல்ல? நீ கேக்கவே இல்லையா?"

கேட்டேன், எழுதியும் வைத்தேன். டயப்பர் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

பிடிமானம் வேண்டும் என்றாள். அவர் பெட்டியைச் சுற்றிக் கட்டும் பட்டையை எடுத்தார். கழிப்பறை இருக்கையைச் சுற்றி அவள் தொடைமேல் கொண்டுவந்து பூட்டினார், இழுத்துப் பார்த்தார், அரை அங்குலம் தளர்த்தினார். காலுக்குக் கீழே தவளையைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய பத்து வருட லிப்ட் அனுபவத்தையும் அந்த ஒரு பூட்டில் பார்த்தேன். "அறுவது கிலோ தாங்கும்" என்றார். அவள் பதின்மூன்று.

நான் வழக்கம்போல் பக்கத்தில் குந்தப் போனேன்.

"அம்மா வரக்கூடாது. மூடணும்."

"தனியா இருப்பியா?"

"எட்டிப் பாக்கக் கூடாது."

கதவை மூடினேன். தாழ்ப்பாள் போடவில்லை. இருவரும் வெளியே தரையில் உட்கார்ந்தோம். வருதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் முழங்காலில் கை வைத்தார். வாயை மூடினேன். எத்தனை நிமிடம் என்று தெரியும்: பதினாறு. பேசாமல் இருப்பது இவ்வளவு வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு உள்ளே தண்ணீர் இழுத்தது. சுவர் அதிர்ந்தது. நான் பாய்ந்து எழுந்தேன்.

"சத்தம் வருது!" என்று கத்தினாள். "வேலை செய்யுது!"

பட்டையை அவிழ்க்கும்போது அவர் அழுதார். சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாம். சோப்பை யாரும் எடுக்கவே இல்லை.

மே 13

டாக்டரிடம் சொன்னேன். சிரப்தான் வேலை செய்தது என்றார். அத்தையிடம் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்றார்.

காலையிலும் போனாள்.

மே 18

வீடு. பால்கனியில் வாத்து கவிழ்ந்தே கிடந்தது, ஒரு பக்கம் வெளிறி. எடுத்துத் துடைத்து நீட்டினேன். "பாப்பாங்களுக்குக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து பட்டையை உருவிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள்.

எனக்குத்தான் கொடுக்க மனம் வரவில்லை. துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 2

பள்ளி. பட்டையைப் புத்தகப் பையில் வைத்தாள். நான் எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தாள். எடுக்கவில்லை.

அலுவலகத்தில் பதினொரு மணிவரை போனை மேஜைமேல் மல்லாத்தியே வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 6

ஆசிரியை வாசலில் நிறுத்தினார். விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருப்பாரோ?

"உங்க பொண்ணு பாத்ரூம் போறதுக்கு முன்னாடி பத்துலேருந்து கீழ எண்ணுறா."

"மன்னிச்சிடுங்க டீச்சர், அது வந்து..."

"இப்ப பதினெட்டுப் பிள்ளைங்களும் எண்ணுதுங்க. ஏறுவரிசையில எண்ண இன்னும் ஒருத்தருக்கும் வரல. அந்தப் பெல்ட் மட்டும் வேணாம்மா, மத்ததுங்க சண்டை போடுதுங்க."

பையிலிருந்து பட்டையை எடுத்தேன். குண்டூசி கதவை மட்டும் மூடிக்கொள்கிறாளாம்.

ஜூன் 21

அத்தை வந்திருந்தார். கிளிப் எடுக்கப் போய் வாத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, புள்ள ஒழுங்கா போறாளா? கடைசியா எப்ப போனா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.