கைகள் நின்ற பிறகு

மார்ச் 2, ஞாயிறு

இல்லை, ஆயரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன். "அடுத்த ஆராதனைக்கு நேரமாச்சும்மா" என்று அங்கியைச் சரிசெய்தபடி போய்விட்டார்.

காது கேளாதவர்களின் வரிசைக்கு முன்னால் நின்று அவருடைய பிரசங்கத்தைச் சைகையில் பெயர்க்கிறேனே, அதை விட்டுவிடப் போகிறேன். பெயர்ப்பவள் "அவர் சொல்கிறார்" என்று காட்டக்கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் என் கையும் "நான்". இன்று "நான் விசுவாசிக்கிறேன்" என்று காட்டினேன். நெஞ்சைத் தொட்ட விரல் கூசியது.

மார்ச் 5

அப்பா பிழைக்கவேண்டும் என்று கேட்டேன். அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து ஜெபம் தொண்டையைத் தாண்டுவதில்லை.

கோபமா? கோபமிருந்தால் சண்டையாவது போடலாம்.

மார்ச் 7

அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "உனக்குப் பசிக்கலைன்னா அவங்களுக்கும் சோறு போடமாட்டியா?"

"பொய்யா நிக்கச் சொல்றியாம்மா?"

"நிக்கச் சொல்றேன்." பிறகு, திரும்பாமலே: "எனக்கு மட்டும் ஜெபம் வருதாக்கும்? முழங்கால் போட்டா அழுகைதான் வருது. இருந்தாலும் போடறேன்."

ஒரே வீடு. இத்தனை நாள் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காது கேளாதவர்களின் வரிசையில் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எனக்கு வைத்தது அங்கே உட்காரும் தையல்கார அக்கா: புருவத்தைச் சுருக்கி, நடுவில் ஒரு விரல். இன்று இரண்டு விரல் வைத்தாள். "கோடு ரெண்டாயிடுச்சுடி. இஸ்திரி போட்டு விடவா?" என்றன அவள் கைகள்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் அவள் ஜெபிக்கிறாளாம். முதல் தடவை. அவள் சைகைக்குக் குரல் நான்.

"நான் கையால காட்டறத நீ வாயால கெடுத்துடாத."

அது முடிந்ததும் ஆயரிடம் நிச்சயம் சொல்லிவிடுவேன்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது?

சபை கண்களை மூடியது. அவளும் நானும் மட்டும் மூடவில்லை. மூடினால் அவள் ஜெபம் எனக்குத் தெரியாது. ஜெபம் என்பதை இத்தனை அருகில் நான் பார்த்ததே இல்லை. அது அவள் விலா எலும்பிலிருந்து கிளம்பி, தோள் வழியாக, ஊசி குத்திய விரல்களுக்கு வந்தது. நான் குரல் கொடுத்தேன்:

"ஆண்டவரே, என் குழந்தை செத்தப்போ உம்மோட பேசமாட்டேன்னு இருந்தேன். துணி தைச்சேன், சமைச்சேன், உம்ம பக்கம் திரும்பல. நீர் போகல. ஏன் எடுத்தீர்னு இன்னிக்கும் தெரியல. ஆனா நீர் போகல."

ஒவ்வொரு "நானும்" அவளுடையது. தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் வாயில் கனத்துக்கொண்டே வந்தது. "நானும் கேட்டேன். நீர் தரல. கோபம்கூட வரல எனக்கு. இருந்தாலும் எங்க வீட்ட விட்டுப் போயிடாதேயும் —"

முன் பெஞ்சில் அம்மா விசும்பினாள். அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் கைகள் எப்போதோ நின்றுவிட்டிருந்தன. மடிமேல் கிடந்தன. அவள் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர்ப்பவள் செய்யவே கூடாத பிழை. சொல்லாததைச் சேர்த்தல்.

நான் நிறுத்தினேன். அவள் கை எழுந்தது: "ஏன் நிறுத்தற? இன்னும் ஆமென் சொல்லல நான்."

மேலிருந்து பதில் எதுவும் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. ஆனால் மிகப் பெரிய ஒருவர் மிக அருகில், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

மார்ச் 17

முழங்கால் போட்டேன். வறட்சி அப்படியேதான். எழுந்து போகத் தோன்றவில்லை.

மார்ச் 20

"ஏதோ சொல்லணும்னியேம்மா?" என்றார் ஆயர்.

"ஞாயிற்றுக்கிழமை எந்தப் பகுதி, அய்யா? பேருங்க இருந்தா விரல்ல எழுத்து எழுத்தா காட்டணும்."

அவர் நெளிந்தார். "வம்ச வரலாறும்மா. பூரா பேருங்கதான்."

"முழுசாவா?"

"முழுசா."

வீட்டுக்கு வந்து, ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்துப் பெயர்களை விரல்களில் பழகினேன்.