பச்சை நிறத்தில் கைனாத்

பம்மல்,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? அங்கே வெயில் இன்னும் தணியவில்லை என்று அத்தாவுல்லா அண்ணன் சொன்னார். விடுமுறை முடிந்து சனிக்கிழமை அவர் உங்கள் கம்பெனி முகாமுக்கே திரும்புகிறார். படப்பையிலிருந்து போன் செய்து, கொடுத்தனுப்ப ஏதாவது இருந்தால் தயாராக வைக்கச் சொன்னார். மாமி எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்கள். அதோடு இந்தக் கடிதமும் உங்கள் கைக்கு வரும்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். கடைசியாகப் பேசியபோது உங்கள் பக்கம் குரல் விட்டு விட்டு வந்தது. நான் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். மீதியை உங்கள் பயம் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றீர்கள். அதன் பிறகு லைனும் போய்விட்டது. அவசரப்பட்டு யாரிடமும் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதை உட்கார்ந்து படியுங்கள்.

கைனாத் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். அவள் பிறந்து நாற்பது நாள் முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகுதான் இது தொடங்கியது. தூங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் கைகள் இரண்டும் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். சில சமயம் காலும் சேர்ந்துகொள்ளும். முதலில் பார்த்த டாக்டர், ஃபிட்ஸாக இருக்கலாம் என்று சொல்லித் தாம்பரத்தில் இருக்கும் குழந்தைகள் நரம்பு டாக்டர் ஸ்ரீரங்கனிடம் அனுப்பினார். அங்கே தலையில் வயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். இவள் வீல் வீலென்று அழுததில் அது சரியாக வரவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர். ஒளிக்காமல் சொன்னார். "இந்த வயசுல ஒரு மோசமான ஃபிட்ஸ் உண்டும்மா. அதுவா இருந்தா உடனே ஊசி ஆரம்பிக்கணும், ரொம்ப ஸ்ட்ராங்கான மருந்து. அது இல்லேன்னா ஒண்ணுமே தேவையில்ல. பார்க்காம நான் எப்படிச் சொல்றது? வீடியோ எடுத்துட்டு வாங்க. தூங்குறது, இழுக்கிறது, நடுவுல எழுப்பினா என்ன ஆகுது, எல்லாம் ஒரே வீடியோல வேணும்" என்றார். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே டெஸ்டும் மறுபடி எடுப்பார்களாம்.

சின்ன வேலை என்று நினைத்துவிட்டேன். உங்கள் மகள் துளி வெளிச்சம் இருந்தாலும் தூங்க மாட்டாள். மதியத் தூக்கத்துக்கே ஜன்னலில் கறுப்புச் சார்ட் ஒட்டி வைத்திருக்கிறோம். போனில் எடுத்தால் திரை முழுக்க ஒரே கறுப்பு, மாமியின் தாலாட்டு மட்டும் கேட்கிறது. போன் லைட்டைப் போட்டால் உடனே கண்ணைத் திறந்துவிடுகிறாள், இழுப்பும் போய்விடுகிறது. இப்படி இரண்டு நாள் வீணாயிற்று.

அப்போதுதான் உங்கள் பழைய கேமரா ஞாபகத்துக்கு வந்தது. மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த இருட்டில் எங்கள் எல்லோரையும் அதில் எடுத்தீர்கள். முகமெல்லாம் பச்சையாக, கண் மட்டும் பூனைக் கண் மாதிரி மின்னியது. பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளினால் போதும், இருட்டிலும் பார்க்கும் என்று சொன்னீர்கள். பரணில் ஏறித் தேடினேன். பர்மா பஜாரில் வாங்கிய அதே பையோடு இருந்தது. மாமி கீழே நின்றுகொண்டு, "அது செத்துப்போன கேமராடி, அத வெச்சிகினு இன்னா பண்ணப்போற?" என்றார்கள். சார்ஜரைச் செருகினேன், உயிர் வந்தது. ஆனால் உள்ளே இருக்கும் கேசட் ஓடவில்லை. கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பார்க்க முடிகிறது, பதிய முடியவில்லை.

மாடியில் சின்மயி குடியிருக்கிறாளே, ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட் செய்து கொடுப்பவள். அவளிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேசட் எதுக்கு ஜஹா? கேமரா பார்க்கிறத நேரா லேப்டாப்புக்குள்ள இழுத்துக்கலாம்" என்றாள். கேட்கச் சுலபமாக இருந்தது. கேமராவில் இருக்கும் குட்டித் துளைக்குரிய வயர் அவளிடம் இருந்தது. ஆனால் அந்த வயரைச் செருக அவள் புது லேப்டாப்பில் இடமே இல்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மூன்று பின்களை மாட்டி ஒரு ரயில் மாதிரி செய்து செருகினாள். லேப்டாப்புக்குக் கேமராவை அடையாளம் தெரியவில்லை. இந்தக் காலத்துச் சாஃப்ட்வேர் இதையெல்லாம் கைவிட்டுவிட்டதாம்.

பிறகு வேறு வழி சொன்னாள். டிவிக்கு மாட்டுகிற மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் வழியாகப் படத்தை எடுத்து, யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு குச்சி மூலம் லேப்டாப்புக்குக் கொடுப்பது. குச்சி தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு கடையில் கிடைத்தது. வயர் நம் பழைய செட்டாப் பாக்ஸுடையது. மஞ்சளில் மஞ்சளைச் செருகினால் படம் வரவில்லை. சலிப்பில் சிவப்பைப் பிடுங்கி மஞ்சள் துளையில் செருகினேன், படம் வந்துவிட்டது. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் உள்ளே வயரை வேறு மாதிரி பிரித்திருப்பானாம்.

வந்த படமும் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருந்தது. சின்மயி செட்டிங்கைத் திறந்து பார்த்து, "பால் வைக்கணும், நம்ம ஊருக்குப் பால்தான்" என்றாள். மாமி கதவருகே நின்றிருந்தார்கள். "கொயந்த இப்பத்தான குடிச்சிது?" என்றார்கள். அந்த டிவி முறைக்குப் பேரே பால்தான் என்று சின்மயி சொல்லி முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். வீட்டில் நான் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது போலிருக்கிறது. மாமி என் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பாலை வைத்ததும் படம் அசையாமல் நின்றது.

இன்று மதியம் முதல் முறையாக வைத்துப் பார்த்தோம். தூளியில் போட்டால் அவளைப் படத்தில் பார்க்க முடியாது, மெத்தையில் போட்டால் தூங்க மாட்டாள். மாமி தூளியில் ஆட்டி, கண் அயர்ந்ததும் பூ மாதிரி எடுத்து மெத்தையில் கிடத்தினார்கள். மனசில்லாமல்தான் செய்தார்கள். "தூங்குற கொயந்தைய படம் புடிச்சா கண்ணு பட்டுடும்டி, அது பயந்துகீது, அவ்ளோதான்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரை அவள் நெற்றியில் தடவிய பிறகுதான் என்னைக் கேமராவைத் தொடவே விட்டார்கள். இழுப்பு வரும் நேரம் பார்த்துக் கேமரா தானாக அணைந்துவிட்டது. கேசட் உள்ளே இருந்து, பதிவும் ஓடாமல் சும்மா நின்றால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுமாம். நமக்குத் தெரியவில்லை. திரை கறுத்த பிறகு இருட்டில் அவள் கை மெத்தையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் மறைக்கவில்லை.

கேசட்டை வெளியே எடுத்துவிட்டோம். நாளை மதியம் மறுபடி முயற்சி செய்வோம். துஆ செய்யுங்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது எங்கள் நாளை எப்போதோ முடிந்திருக்கும், இருந்தாலும் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை.

மச்சான், மீதியை இப்போது எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியமே உங்கள் போனுக்கு ஒரு வரி அனுப்பினேன், இன்னும் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கேமராவைப் பீரோ மேல் வைத்துக் கட்டினோம். அறை மூலையில் லேப்டாப்பை வைத்து, வெளிச்சம் அவள் பக்கம் போகாமல் என் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு நானும் சின்மயியும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். சின்மயி வழக்கமாக வேலை செய்யும் எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்தக் குச்சியைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் வேறொன்றில் பதிவு செய்து, பிறகு இதற்குள் கொண்டுவந்து வெட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்திருந்தாள்.

கைனாத் பச்சையாகத் தெரிந்தாள். அவள் புருவம், மூடிய இமை, மூச்சுக்கு ஏறி இறங்கும் வயிறு, எல்லாம் தெரிந்தது. இத்தனை நாள் இருட்டில் தடவித் தடவிப் பார்த்த பிள்ளையை அன்றுதான் தூக்கத்தில் முழுசாகப் பார்த்தேன். அழகாக இருந்தாள் மச்சான். உங்களை மாதிரியே வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குகிறாள்.

கொஞ்ச நேரத்தில் வலது கை இழுத்தது. பிறகு இரண்டு கையும். சின்மயி என் முழங்கையை அழுத்தி, "இப்ப எழுப்பணும், போ" என்று கிசுகிசுத்தாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எழுப்பியும் நிற்கவில்லை என்றால்? அதைக் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாமிதான் எழுந்து போனார்கள். கேமராவே வேண்டாம் என்று சொன்னவர்கள், நேராக அதன் முன்னால் போய் மண்டியிட்டு, "என் ராஜாத்தி, எந்திரிம்மா" என்று இரண்டு கையாலும் அவளை வாரினார்கள். திரையில் பச்சைக் கைகள் நீண்டு வந்து அவளைத் தூக்குவதைப் பார்த்தேன். தூக்கிய அந்த நொடியே இழுப்பு நின்றுவிட்டது. கைனாத் கண்ணைத் திறந்தாள், இருட்டில் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள், உதட்டைப் பிதுக்கி, பால் கேட்டு அழுதாள். இந்தப் பால் நிஜப் பால்.

சின்மயி அதையெல்லாம் எடிட்டிங்கில் போட்டு, தூங்குவதற்கு முன்னிருந்து அழுவது வரைக்கும் வெட்டி, பென் டிரைவில் கொடுத்தாள். தன் கம்பெனி வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்தாள். வீட்டுக்குப் போய் வேலை செய்யச் சொன்னேன். "போடி, முடிவு தெரியாம எனக்கு எங்க வேலை ஓடும்?" என்றாள்.

இன்று டாக்டர் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நான் மாமி கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க, பாட்டி தூக்கினதும் டக்குனு நின்னுடுச்சு. முழிச்சதும் உடனே குரல் வந்த பக்கம் தேடறா. தூக்கத்துல மட்டும் வருது. சில குழந்தைங்களுக்கு இப்படி வரும்மா, இது ஃபிட்ஸ் மாதிரி இல்ல" என்றார். அதற்குப் பிறகு டெஸ்டும் எடுத்தார்கள். இந்த முறை அறை விளக்கை அணைத்துவிட்டார்கள், மாமி மடியிலேயே வயரோடு தூங்கிவிட்டாள். அதுவும் நல்லபடியாக வந்திருக்கிறது. மருந்து இல்லை, ஊசி இல்லை. அடுத்த மாதம் ஒருமுறை காட்டச் சொன்னார். இடையில் விழித்திருக்கும்போது இழுத்தால் மட்டும் உடனே தூக்கி வரச் சொன்னார். வளர வளரத் தானே போய்விடுமாம்.

"எந்த கேமராம்மா இது, இருட்டுல இவ்ளோ தெளிவா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமி, "எம் புள்ளையோடது" என்றார்கள். பக்கத்து அறைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்கள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். பல்லாவரம் தாண்டியதும் மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நானும் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டோம். சின்மயிக்கும் மேலே கொடுத்தனுப்பினோம்.

இனி நான் சொல்ல நினைத்தது. வேலையை விடுவது பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல முடியும்? அங்கே படும் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த இழுப்பு நீங்கள் விடுமுறைக்கு வருவதற்குள் போய்விடும் என்கிறார் டாக்டர். நீங்கள் அதைப் பார்க்காமலே போகட்டும், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அவள் இப்போது குப்புற விழப் பார்க்கிறாள், பாதியில் மாட்டிக்கொண்டு கோபப்படுகிறாள். ஜன்னல் கம்பியில் காக்கா வந்தால் அதோடு என்னவோ பேசுகிறாள். மாமியின் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். இதுவும் ரொம்ப நாள் இருக்காது, மச்சான். அடுத்த மாதம் வேறொன்று செய்வாள்.

பயந்து ஓடி வராதீர்கள். அவளைப் பார்க்க வாருங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல தூக்கத்தையும் லேசான மனசையும் கொடுக்கட்டும். வெயிலில் நிற்கும்போது தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். மாமி துஆ சொல்லச் சொன்னார்கள். கைனாத் எதுவும் சொல்லவில்லை, நான் எழுதும் பேனாவைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். கடைசி வரி கோணலாகப் போனால் அது அவள் எழுதியது.

உங்களையே எதிர்பார்த்திருக்கும்,
ஜஹானாரா